வராத நாளுக்கு உட்கார்ந்தவள்

வெண்மதி 2004-இல் மணவாளனைக் கட்டிக்கொண்டு கடலூர் திருப்பாதிரிப்புலியூருக்கு வந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. பிறந்த ஊர் மேல்பட்டாம்பாக்கம். தமிழில் எம்.ஏ. முடித்திருந்தாள். சிதம்பரம் அண்ணாமலை நகரில் ஞானசேகரன் என்பவர் நடத்திய டி.டி.பி. சென்டரில் தீசிஸ் டைப் செய்யும் வேலை அவளுக்கு. ஆறு வருஷம் ஊர் சுற்றிவிட்டுக் கடைசி ஒரு வாரத்தில் கையெழுத்துக் கட்டோடு வந்து நிற்கும் ஆராய்ச்சி மாணவர்களை எல்லாம் அவள்தான் டாக்டர் ஆக்கி அனுப்பினாள். தன் பெயருக்குப் பின்னால் அவளுக்குக் கிடைத்தது முதுகுவலி மட்டும்.

தினமும் காலை நாலரை மணிக்கு எழுந்து, இரண்டு வேளைக்கும் சமைத்து வைத்து, ஏழு பத்து சிதம்பரம் பஸ்ஸைப் பிடிப்பாள். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று பஸ் நின்று நின்று போகும். திரும்பி வர இரவு ஏழரை ஆகிவிடும். வந்ததும் மறுபடி அடுப்பு. மணவாளன் மஞ்சக்குப்பத்தில் ஒரு டூவீலர் கடையில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் இருந்தான். நல்லவன், ஆனால் தன் அம்மா முகம் கொஞ்சம் வாடினால் கையும் ஓடாது காலும் ஓடாது என்கிற ரகம். அந்த அம்மா ரத்தினம்மாள். அறுபது வயது, முட்டிவலி, புருஷனை 2001-இல் வயிற்றுப் புற்றுநோய்க்குக் கொடுத்தவள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாசத்தில் மூன்று நாள் மருமகள் உள்ளே வரக் கூடாது. தோட்டத்தில் கக்கூசை ஒட்டி ஒரு தகரச் சீட்டுக் கொட்டாய்; அதில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு டம்ளர். வீட்டோரச் சந்து வழியாகவே வேலைக்குப் போய், சந்து வழியாகவே திரும்ப வேண்டும். பஸ்ஸில் நாற்பது பேரை இடித்துக்கொண்டு போகலாம், ஊரான் தீசிஸைத் தொடலாம், வீட்டு அடுப்பை மட்டும் தொடக் கூடாது. இதில் என்ன நியாயம் என்று கல்யாணமான புதிதில் வெண்மதி கேட்டதற்கு ரத்தினம்மாள் சொன்ன பதில்: “பஸ்சுல சாமி இல்ல, வூட்டுல இருக்குது.” அதற்கு மேல் யார் வாதாடுவது. உண்மையைச் சொன்னால் வெண்மதி அதற்காக ரொம்ப வருத்தப்படவும் இல்லை. அந்த மூன்று நாள்தான் அவளுக்குச் சமையலிலிருந்து லீவு. மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு சமைத்து, கொட்டாய் வாசலில் சோற்றை எட்ட வைத்துவிட்டுப் போவாள்.

ஒவ்வொரு முறை மருமகள் கொட்டாய்க்குப் போகும்போதும் ரத்தினம்மாள் ஹாலில் தொங்கும் கேலண்டரில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். வைக்கும்போது முகம் சுண்டிப்போகும். ஒரு வார்த்தை பேச மாட்டாள், அதுதான் கொடுமை. நாலு வருஷத்தில் நாலு கேலண்டர் மாறியது. புள்ளி மட்டும் தவறாமல் விழுந்தது. பேரப்பிள்ளை இல்லாத வருத்தத்தை இப்படிப் புள்ளி வைத்துச் சொன்னவள் அந்தத் தெருவில் இவள் ஒருத்திதான்.

2008 பங்குனியில் ஒரு நாள் கண்ணாடி முன்னால் தண்ணீர் குடித்தபோது, கழுத்தில் ஒரு உருண்டை மேலே ஏறிக் கீழே இறங்கியதை வெண்மதி பார்த்தாள். ஊசி குத்திப் பார்த்தார்கள், சென்னைக்கு அனுப்பினார்கள், ஆனியில் தைராய்டை முழுசாக எடுத்தார்கள். கட்டியைப் பரிசோதித்துவிட்டு டாக்டர், “கேன்சர்தான், ஆனா இது சாது கேன்சர், குணமாயிடும்” என்றார். சாதுவோ முரடோ, அந்தச் சொல்லைக் கேட்டதும் மணவாளன் ஆஸ்பத்திரி பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“அம்மாவுக்குச் சொல்ல வேணாம் மதி,” என்றான். “அப்பா செத்ததுலேருந்து அந்த வார்த்தய கேட்டாலே அது சாப்புடாது. கழுத்துல கட்டி, எடுத்தாச்சு. அவ்ளோதான்.”

வெண்மதிக்கும் அதுவே நல்லதாகப் பட்டது. அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நாலு வருஷமாகப் பிள்ளை இல்லாத மருமகள், இப்போது கேன்சர் வந்த மருமகள் என்றால், தெரு என்ன பேசும், மாமியார் காதில் என்ன ஓதும் என்று அவளுக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டாள்.

ஆவணி பிறப்பதற்கு முன்னால் மறுபடி சென்னைக்குப் போனார்கள். மிச்சம் மீதி இருக்கும் செல்லைக் கொல்ல ஒரு மருந்து, கதிர்வீசும் அயோடின். ஈயப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். மூன்று நாள் தனி அறையில் பூட்டி வைத்து, கதவடியில் சாப்பாடு தள்ளினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு தாளும் தந்தார்கள். ஒரு வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். யார் பக்கத்திலும் நெருங்கி உட்காரக் கூடாது. தனிக் கக்கூஸ் இருந்தால் நல்லது. ஒரு வருஷத்துக்குக் கர்ப்பம் கூடவே கூடாது. கடைசியாக நர்ஸ் ஒருத்தி வாயால் சொன்னாள்: “ரெண்டு மூணு மாசம் பீரியட்ஸ் முன்ன பின்ன ஆகும், நிக்கவும் நிக்கும். ரொம்ப நாள் வரலன்னா டாக்டர்கிட்ட சொல்லுங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் மணவாளன் அந்தத் தாளை இரண்டு முறை படித்தான். வெண்மதி இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்திருந்தாள். திண்டிவனம் தாண்டியதும் எழுந்து வந்து குனிந்து மெதுவாகச் சொன்னான்: “இதுல போட்டுருக்கறது பூரா நம்ம வூட்டுல மாசா மாசம் நடக்கறதுதான். தூரம்னு சொல்லிடு.”

எப்பேர்ப்பட்ட யோசனை. இருவரும் சிரிக்கக்கூடச் செய்தார்கள். விஞ்ஞானம் கேட்ட தனி அறை, தனித் தட்டு, தனிக் கக்கூஸ் எல்லாம் ரத்தினம்மாள் தயாராக வைத்திருந்தாள். வெண்மதி சந்து வழியாக நேரே கொட்டாய்க்குப் போய் உட்கார்ந்தாள். மூன்று நாள் போதாதே, ஏழு நாள் வேண்டுமே. “இந்தத் தடவ ஜாஸ்தியா போவுது அத்த” என்று நாலாம் நாள் குரல் கொடுத்தாள். ரத்தினம்மாள் உளுந்தங்களி கிண்டி வைத்தாள். கேலண்டரில் புள்ளியும் வைத்தாள்.

அந்தப் புள்ளியில்தான் வினை பிடித்தது.

புள்ளி வைத்தவள் அதிலிருந்து நாளை எண்ண ஆரம்பித்தாள். புரட்டாசி நெருங்கியது, வெண்மதிக்கு வரவில்லை. முப்பது நாள், முப்பத்திரண்டு, முப்பத்து நாலு. ஒரு நாள் காலையில் ரத்தினம்மாள் காபியை அவளே ஆற்றிக் கொடுத்தாள். அடுத்த நாள், “குடத்த தூக்காத, அவன் தூக்குவான்” என்றாள். அதற்கடுத்த நாள் சாமி படத்துக்கு முழம் மல்லிகை. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று அவள் மனதில் முடிவாகிவிட்டது. வாய் விட்டுச் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெண்மதி பயந்துபோனாள். இன்னும் ஒரு வாரம் விட்டால் இந்தம்மா தெரு முழுக்கச் சொல்லிவிடும். பிறகு ஒரு நாள் வயிறு காலி என்று தெரியும்போது, அதைக் கலைந்துபோனதாக எண்ணி மாரில் அடித்துக்கொண்டு அழும். அதற்கு மாசம் ஒரு சின்ன ஏமாற்றம் தேவலாம் என்று கணக்குப் போட்டாள். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் வாசல் பக்கம் போகாமல் சந்துக்குள் திரும்பினாள். கொட்டாயில் பாயைப் போட்டு உட்கார்ந்தாள்.

ரத்தினம்மாள் பின்கட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு, “சரி” என்று சொல்லி உள்ளே போனாள். அன்றைக்கு ரசமும் அப்பளமும்தான்.

அதற்குப் பிறகு இது மாச வழக்கமாகிவிட்டது. வெண்மதி நம்பும்படி இரண்டு நாள் முன்னே, மூன்று நாள் பின்னே என்று தேதி வைத்துக்கொள்வாள். வேண்டாத துணியை நனைத்துக் கொடியில் காயப் போடுவாள். மணவாளனுக்குத் தெரியும், தெரிந்தும் கேட்டுக்கொள்ள மாட்டான். புலி வாலைப் பிடித்த கதை. விட்டால் கடிக்கும். ஒவ்வொரு மாசமும் கொட்டாயில் உட்கார்ந்து அவள் நிஜமாகவே காத்திருந்தாள். அடிவயிற்றில் ஒரு சின்ன இழுப்பு வந்தால் ஓடிப்போய்ப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. இனி வரவே வராதோ, முப்பது வயதில் எல்லாம் முடிந்துபோய்விட்டதோ, பிள்ளை என்கிற பேச்சே இனி இல்லையோ என்ற நினைப்பு அவளைத் தின்றது. பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களுக்கு எழுந்து இடம் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கமே பார்க்காமல் நிற்பாள். யாரிடம் சொல்வது? வீட்டில் மாசா மாசம் தூரம் உட்காருகிறவள், எனக்கு வரவில்லை என்று யாரிடம் போய் அழுவாள்?

கார்த்திகையில் புயல் மழை பிடித்தது. கெடிலத்தில் தண்ணீர் கரை தட்டிப் போனது, பஸ் இல்லை, கரண்ட் இல்லை. வெண்மதி அந்த மழைக்கு முதல் நாள்தான் கொட்டாயில் உட்கார்ந்திருந்தாள். தெரியாத்தனமாகத் தேதியைத் தேர்ந்துவிட்டாள். தோட்டத்தில் கணுக்காலளவு தண்ணீர். சீட்டுக் கூரையில் மழை அடித்த சத்தத்தில் மாமியார் கூப்பிட்டது முதலில் காதில் விழவில்லை. எட்டிப் பார்த்தால், ரத்தினம்மாள் ஒரு கையில் குடையும் ஒரு கையில் சோற்றுக் கிண்ணமுமாகத் தண்ணீரில் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் கால் வழுக்கி, இடக்கையை ஊன்றி விழுந்தாள். சோறு தண்ணீரில் மிதந்தது.

வெண்மதி ஓடினாள். இரண்டடி தூரத்தில் மாமியார் கையைத் தூக்கித் தடுத்தாள்.

“தொடாத. தொடாதம்மா, கோயிலுக்கு மாலை போட்டுருக்கேன். அங்கியே நில்லு.”

வெண்மதி நின்றாள். தொடலாம்; தொட்டால் எந்தத் தீட்டும் இல்லை; அவள் உடம்பில் தீட்டு என்பதே நாலு மாசமாக இல்லை. அதைச் சொல்ல வாய் வரவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டினது போல மழையில் நனைந்தபடி நின்றாள். ரத்தினம்மாள் சுவரைப் பிடித்து, முட்டியை ஊன்றி, முனகி முனகித் தானே எழுந்தாள். அதற்குக் கால் மணி நேரம் ஆனது. மணவாளன் வந்து பார்த்தபோது மணிக்கட்டு வீங்கிக் கிடந்தது, எலும்பு விட்டிருந்தது. ஒன்றரை மாசம் மாவுக்கட்டு. அந்தக் கட்டோடும் ரத்தினம்மாள் மார்கழியில் மூன்று நாள் ஒற்றைக் கையால் சமைத்து மருமகளுக்குச் சோறு வைத்தாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம் என்று நமக்குத் தோன்றும். அவளுக்கும் தோன்றியது. ஆனால் அப்போது சொல்வதென்றால், “நான் சும்மா உட்கார்ந்ததுக்குத்தான் உங்க கை ஒடிஞ்சது” என்றல்லவா சொல்ல வேண்டும். ஒரு பொய்க்கு ஒன்பது பொய் காவல். அவள் காவலைக் கூட்டிக்கொண்டே போனாள்.

மருந்து வேலை செய்ததா என்று பார்க்க 2009 பங்குனி முதல் வாரத்தில் ஒரு ஸ்கேன் இருந்தது. அதற்கும் கொஞ்சம் அயோடின் குடிக்க வேண்டும். நாலு வாரம் முன்னாலேயே தைராய்டு மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள். அயோடின் இருப்பதால் கடல் மீன் கூடாது, பாக்கெட் உப்பு கூடாது. “கடலூர்ல இருந்துக்கினு மீன் வேணாங்கற, நல்லா இருக்குது” என்று ரத்தினம்மாள் முறைத்தாள். மாத்திரை நின்ற இரண்டாம் வாரத்திலிருந்து வெண்மதிக்கு முகம் ஊதியது, உடம்பு கனத்தது, எந்நேரமும் தூக்கம். காலையில் குமட்டல். இதெல்லாம் மாத்திரை நிறுத்தியதால்தான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் பொங்கல் சமயத்தில் ஒரு நாள் அவளும் மணவாளனும் கவனம் தப்பியிருந்தார்கள். அதை நினைத்தால் பாதி உயிர் போய்விடும். பிள்ளை நின்றிருந்தால்? அதற்கு மேல் அயோடினைக் குடித்தால் அந்தச் சிசுவின் தைராய்டும் கருகிவிடும். குடிக்காமல் விட்டாலும் வருஷம் முடியாமல் தங்கிய பிள்ளை எப்படி இருக்குமோ. ஏழு மாசமாக எதற்காக ஏங்கினாளோ, அதுவே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொள்ளும் நிலை. எந்தச் சாமியிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் அவள் கேட்பதையே விட்டாள்.

ஸ்கேனுக்கு முன்னால் உள்ளூர் லேடி டாக்டர் ஒருவர் பூர்த்தி செய்து கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாளைச் சென்னையிலிருந்து கொடுத்திருந்தார்கள். கடைசி மாதவிலக்கு எப்போது, கர்ப்பம் இல்லை என்று உறுதியா. திருப்பாதிரிப்புலியூரில் எந்த டாக்டரிடம் போனாலும் தெருவில் யாராவது பார்த்துவிடுவார்கள். சிதம்பரம் கீழவீதியில் மாலதி என்று ஒரு டாக்டர். வெள்ளிக்கிழமை லேடி டாக்டரைப் பார்த்துவிட்டு வர நேரமாகும் என்று மட்டும் வீட்டில் சொல்லிவைத்து, வேலை முடிந்து அங்கே போய், தனியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் ரத்தினம்மாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள்.

“நானும் வரேன். தில்லைக்காளிக்கு வெளக்கு போட்டுட்டு வரலாம். டாக்டரம்மாகிட்ட நானே ஒரு வார்த்த கேக்கணும், புள்ளைக்கு எப்ப வழின்னு.”

வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பகல் முழுக்க டி.டி.பி. சென்டரில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு ரத்தினம்மாள் மருமகள் டைப் அடிப்பதைப் பார்த்தாள். “இவ்ளோ வேகமா அடிக்கறியே, வெரல் நோவாதா” என்று கேட்டாள். ஏழு மாசத்தில் வெண்மதி அவ்வளவு தப்பு அடித்த நாள் வேறு இல்லை.

டாக்டர் மாலதி தாளை வாங்கிப் படித்தார். பேனாவைத் திறந்தார். “கடைசியா எப்பம்மா பீரியட்ஸ்?”

வெண்மதி வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னாள்: “மாசி பதினாறு, டாக்டரம்மா. இன்னிக்கி பதிமூணு நாளு. நான் குறிச்சி வெச்சிருக்கேன்.”

“மாசா மாசம் சரியா வருதா?”

“ரெண்டு நாளு முன்ன பின்ன. தவறுனதே இல்ல. அதான் எனக்கு கவலையே.”

டாக்டர் சிரித்துக்கொண்டே அந்தத் தேதியை எழுதினார். “பதிமூணு நாள்னா சந்தேகமே இல்ல. கையெழுத்துப் போட்டுடறேன்.” பேனா தாளின் அடிப்பக்கத்துக்கு இறங்கியது.

அந்தப் பேனா இறங்கியதை வெண்மதி பார்த்தாள். அந்தக் கையெழுத்து விழுந்தால் அடுத்த வாரம் அவள் அயோடின் குடிப்பாள். உள்ளே ஒரு உயிர் இருந்தால் அதோடு சரி. இருக்கிறதா என்று யாரும் கேட்க மாட்டார்கள். கேலண்டரில்தான் புள்ளி இருக்கிறதே.

“போடாதீங்க டாக்டர்,” என்றாள். “அந்தத் தேதி பொய். எனக்கு ஆகஸ்ட்லேருந்து வரவே இல்ல. ஏழு மாசம் ஆச்சு.”

ரத்தினம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். அவள் கோபப்படுவாள் என்று வெண்மதி நினைத்தாள். அதற்குத் தயாராகவும் இருந்தாள். ஆனால் மாமியார் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஒடிந்து சேர்ந்த அந்த இடக்கை நீண்டு வந்து வெண்மதியின் வயிற்றைத் தொட்டது.

“ஏழு மாசமா? அடிப் பாவி. ஏழு மாசமா வெச்சிக்கினு சொல்லாமயா இருந்த?”

எந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று அவள் ஏழு மாசம் ஓடி ஒளிந்தாளோ, அந்த முகம் இப்போது ஒரு சாண் தூரத்தில் சிரித்தது. வெண்மதி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

“புள்ள இல்ல அத்த. இருக்கவும் கூடாது. என் கழுத்துல எடுத்தது சும்மா கட்டி இல்ல, கேன்சர். அதுக்குக் குடிச்ச மருந்துல நின்னுடுச்சு. நீங்க ஏமாந்துடக் கூடாதுன்னு நான்தான் மாசா மாசம் உக்காந்தேன்.”

ரத்தினம்மாளின் கை அவள் கையிலிருந்து நழுவியது.

டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டு ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்பைக் கொடுக்கச் சொன்னார். ஐந்து நிமிஷம். பரிசோதனைப் பட்டையில் ஒரே ஒரு கோடு, கர்ப்பம் இல்லை. ரத்தத்திலும் பார்த்துவிடலாம் என்று ஊசி போட்டு எடுத்தார்கள். மறுநாள் அதுவும் இல்லை என்றே வந்தது. “மருந்தோட வேலைம்மா இது,” என்றார் டாக்டர். “நெறைய பேருக்கு இப்படி நிக்கும், பெரும்பாலும் திரும்பி வரும். இத்தன மாசம் நிக்கறத நீ முன்னாடியே சொல்லியிருக்கணும். மாத்திரை அளவையும் பாக்கணும். இனிமே யாரு எழுதி வெச்ச தேதியையும் நான் நம்பறதா இல்ல.” கடைசி வாக்கியத்தை ரத்தினம்மாளைப் பார்த்துச் சொன்னார். பாவம், அந்தம்மா என்ன செய்வாள்.

அன்று தில்லைக்காளிக்கு விளக்குப் போடவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள். ஜன்னலோரம் ரத்தினம்மாள் உட்கார்ந்தாள். ஆலப்பாக்கம் தாண்டி, வெளியே பார்த்துக்கொண்டே மாமியார் கேட்டாள்:

“அப்பன்னா, மழையில நான் வுழுந்தன்னிக்கி நீ சுத்தமாத்தான இருந்த?”

“ஆமாம் அத்த.”

“தூக்கி வுட்டுருக்கலாமேம்மா.”

வெண்மதிக்கு அழுகை வந்தது. பஸ் முழுக்க ஆள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஊர் வரும் வரை அழுதாள். ரத்தினம்மாள் தடுக்கவும் இல்லை, தேற்றவும் இல்லை.

வீட்டில் ரத்தினம்மாள் மகனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “உங்கப்பாவுக்கு வந்ததா?” அவன் அதுதான், ஆனால் இது குணமாகிற வகை என்று சொன்னான். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் காலை மூன்று இட்லி சாப்பிட்டாள். அந்தச் சொல்லைக் கேட்டால் அம்மா உயிரை விட்டுவிடும் என்று பயந்தவன் வாயைப் பிளந்து பார்த்தான். மனுஷி தாங்குவாள். தாங்க முடியாதென்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால் வேறு ஒன்று போய்விட்டது. ரத்தினம்மாள் மருமகள் சொல்லும் எதையும் நம்புவதில்லை. சாப்பிட்டேன் என்றால் “நெசமா?” மாத்திரை போட்டேன் என்றால் “நெசமா?” ஸ்கேன் முடிந்து, எங்கேயும் பரவவில்லை, சுத்தம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைக் கொண்டுவந்து காட்டியபோதும், தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு “நெசமா?” என்றாள். கேலண்டர் பக்கமே போவதில்லை. சண்டை போட்டிருந்தால்கூட வெண்மதிக்குத் தேவலாமாக இருந்திருக்கும். கொட்டாயில் உட்காரவும் வழியில்லை, உள்ளே நிம்மதியாக நிற்கவும் வழியில்லை. மாத்திரை அளவைக் குறைத்தார்கள். சித்திரை போனது, வைகாசி போனது. வரவில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்களும் ரத்தினம்மாள் மாதிரி அதையே எதிர்பார்த்துக்கொண்டிருப்பீர்கள். குழந்தை 2011 ஐப்பசியில் பிறந்தது. பெண். இலக்கியா என்று பெயர் வைத்தார்கள். அதற்கு முன்னால் நடந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன்.

2009 ஆனியில் ஒரு நாள் சாயங்காலம் சிதம்பரத்திலிருந்து திரும்பும் பஸ்ஸில், உட்கார்ந்திருந்த வெண்மதிக்கு அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. வழக்கமான ஏமாற்றம் என்று விட்டுவிட்டாள். புதுச்சத்திரத்தில் அது ஏமாற்றம் இல்லை என்று தெரிந்தது. கைப்பையில் ஒன்றும் வைத்திருக்கவில்லை. பத்து மாசத்தில் அந்தப் பழக்கமே போயிருந்தது. எழுந்து, முந்தானையைப் பின்னால் சுற்றி இழுத்துக்கொண்டு, மீதி வழி முழுக்க நின்றபடி வந்தாள். பக்கத்தில் ஒரு அம்மாள், “சீட்டு காலியா இருக்குதே, உக்காரேன்” என்றாள். “பரவால்லம்மா” என்று சொல்லும்போது வெண்மதிக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தது. வலி உயிர் போனது. போகட்டும் என்று இருந்தது.

சந்து வழியாகத்தான் போனாள். ரத்தினம்மாள் குழாயடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

“அத்த, வந்துடுச்சு.”

மாமியார் கையிலிருந்த சொம்பை வைக்கவில்லை. “நெசமா?”

“நெசமா.”

“காட்டு.”

வெண்மதிக்கு ஒரு கணம் காது சூடானது. எம்.ஏ. படித்தவள், முப்பத்தொரு வயது, இந்த வீட்டில் அஞ்சு வருஷம் வாழ்ந்தவள். இந்த வார்த்தையை ஒரு பெண்ணிடம் இன்னொரு பெண் கேட்கலாமா? பிறகு, ஆறு மாசம் நனைத்த துணியைக் கொடியில் போட்டு இவளை நம்ப வைத்தது யார் என்று அவளுக்கே தோன்றியது. கொட்டாய்க்குள் போய் வேறு துணி மாற்றிக்கொண்டு, அந்தப் பாவாடையைச் சுருட்டாமல், மறைக்காமல், இரண்டு கையிலும் விரித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

ரத்தினம்மாள் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். நாலு வருஷம் எந்தச் சமாச்சாரத்தைக் கேட்டால் முகம் சுண்டிப்போகுமோ, அதைப் பார்த்து அவள் கண் நிறைந்து வழிந்தது. கையை நீட்டிப் பாவாடையை வாங்கினாள்.

“வேணாம் அத்த, தீட்டு.”

“தெரியும். நீ போய் உக்காரு.”

அவள் உட்காரவில்லை. ரத்தினம்மாள் துவைகல்லில் பாவாடையைப் போட்டு, சோப்பு தேய்த்து, முட்டிவலியோடு குந்திக் கசக்கினாள். கல்லிலிருந்து தண்ணீர் சிவப்பாக ஓடி வாழையடிக்குப் போனதை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.